வையையில் ஓடிய நீர்மாடம்

மதுரைக்காரர் ஒருவரிடம் போய், "வைகையில் ஒரு படகை எடுத்துக்கொண்டு காலையில் கிளம்பிச் சாயங்காலம் வரையில் உல்லாசமாகச் சுற்றிவிட்டு வரலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களை ஒரு தடவை மேலும் கீழும் பார்ப்பார். நல்ல மனிதராக இருந்தால் சிரித்துவிட்டுப் போய்விடுவார். குறும்புக்காரராக இருந்தால், "உங்கள் படகுக்குச் சக்கரம் உண்டா?" என்று கேட்பார். மற்ற ஊர்களில் ஆறு என்றால் தண்ணீர் என்று அர்த்தம். எங்கள் ஊரில் ஆறு என்றால் பாலம் என்று அர்த்தம். 1889-ஆம் ஆண்டில் திறந்த ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் மேல் நின்று பார்த்தால், வருஷத்தில் பெரும்பாலான நாட்களில் கீழே தெரிவது புல்லும் புதரும், நடுவில் கறுப்பாக நெளிகிற ஒரு கழிவுநீர்க் கோடும்தான்.

ஆனாலும் இந்த ஆற்றில் படகு விட்டிருக்கிறார்கள். அக்கரைக்கு ஆளையும் மூட்டையையும் ஏற்றிப் போகிற ஓடத்தை மட்டும் சொல்லவில்லை. வேலை ஏதும் இல்லாமல், போய்ச் சேரவேண்டிய இடமும் இல்லாமல், ஒரு பகலைக் கழிப்பதற்காகவே மாடம் வைத்துக் கட்டிய படகைச் சொல்கிறேன்.

சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதை என்று ஒரு பகுதி இருக்கிறது. கோவலன் தன் மனைவியைக் கவுந்தியடிகளின் பாதுகாப்பில் விட்டுவிட்டு மதுரையைச் சுற்றிப் பார்க்கப் போகிற கட்டம். ஊரைப் பார்த்துக்கொண்டே போகிறவன் கணிகையர் வாழும் வீதிக்கு வருகிறான். அவ்விடத்தில் இளங்கோவடிகள், மதுரைச் செல்வர்கள் தங்கள் காதலிகளோடு ஒரு நாளை எப்படிக் கழித்தார்கள் என்று சாவகாசமாகச் சொல்ல ஆரம்பிக்கிறார். இடம், வையையின் முன்துறை. மருதமரங்கள் ஓங்கி நிற்கின்றன. ஆற்றின் நடுவே பூ மலிந்த திட்டுகள். ஓரத்தில் வெள்ளை மணல். அங்கே உயரமான நீர்மாடங்களையும் நாவாய்களையும் செலுத்துகிறார்கள். அது அலுத்துப்போனால் பூக்கள் கட்டிய புணையைத் தழுவிக்கொண்டு தண்ணீரில் மிதக்கிறார்கள். ஆடி முடித்துக் கரையேறினால், கூந்தலுக்கு முல்லையும் குவளையும் நெய்தலும்; கழுத்துக்குக் கொற்கை முத்து; உடம்புக்குப் பொதியமலைச் சந்தனம். பிறகு நகரத்துப் பூஞ்சோலையில் விளையாட்டு. பொழுது சாய்ந்தால் வீடு, நிலா முற்றம், படுக்கை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் வருவதுண்டு. இன்றைக்குச் சுற்றுலாக் கம்பெனிகள் வழவழப்பான காகிதத்தில் அச்சடித்துக் கொடுக்கிறார்களே, 'முற்பகல் படகுச் சவாரி, பிற்பகல் தோட்டத்தில் இளைப்பாறுதல், இரவு மொட்டைமாடியில் விருந்து' என்று, அந்த நிகழ்ச்சி நிரலில் இளங்கோவடிகள் எழுதாமல் விட்டது எது? கட்டணம் ஒன்றுதான்.

நீர்மாடம் என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பள்ளியோடம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். அதாவது படுக்கவும் சாய்ந்து உட்காரவும் அறை வைத்த ஓடம். தமிழில் மிதக்கிற பொருளுக்குப் பெயருக்கா பஞ்சம்? அம்பி, புணை, ஓடம், நாவாய், தோணி, திமில், பஃறி, தெப்பம், பரிசல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அவற்றில் பெரும்பாலானவை உழைப்பவர்களின் கலங்கள். மீன் பிடிக்க ஒன்று, உப்பு ஏற்ற ஒன்று, நெல் ஏற்ற ஒன்று. நீர்மாடம் மட்டும் எதையும் ஏற்றவில்லை. பணக்காரர்களின் ஓய்வைத்தான் ஏற்றிக்கொண்டு போயிற்று.

கவிஞர்கள் ஆற்றைப் பெரிதாக்கிச் சொல்லியிருக்கலாமே என்று யாராவது சந்தேகப்படலாம். நியாயமான சந்தேகந்தான். ஆனால் சாட்சி ஒன்றோடு நிற்கவில்லை. பரிபாடல் என்ற நூல் முழுவதும் கிடைத்திருந்தால் எழுபது பாடல் இருக்க வேண்டும். அதில் இருபத்தாறு வையைக்கென்றே பாடியவை. நமக்கு மிஞ்சியது முழுப் பாடலாக இருபத்திரண்டு. அதில் வையைக்கு எட்டு. 1918-ல் உ. வே. சாமிநாதையர் அதைப் பரிமேலழகர் உரையோடு அச்சேற்றினார். அவரே 1892-ல் சிலப்பதிகாரத்தை வெளியிட்டிருந்தார். ஆற்றில் தண்ணீர் இல்லாத ஊருக்கு, ஏட்டுச்சுவடியிலிருந்து ஓர் ஆற்றையே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்த புண்ணியம் அவருக்கு உண்டு.

அந்த எட்டுப் பாடலையும் படித்தவர்களுக்கு வையையின் சுபாவம் நன்றாகப் புரிந்துவிடும். வருஷம் முழுவதும் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு நிதானமாகப் போகிற ஆறு என்று நினைத்தால் தப்பு. மலையில் மழை கொட்டுகிறது. வெள்ளம் பாய்ந்து வருகிறது. செய்தி ஊருக்குள் எட்டுகிறது, பறை முழங்குகிறது. உடனே ஊரே போருக்குப் புறப்பட்ட மாதிரி ஆற்றை நோக்கி ஓடுகிறது. யானை மேல் சிலர், குதிரை மேல் சிலர், வண்டியில் சிலர். கூட்ட நெரிசலில் பின்னால் நிற்பவர்களுக்கு முன்னால் வர வழியில்லை. கொம்பிலும் சிவிறியிலும் நீரை நிரப்பி ஒருவர் மேல் ஒருவர் பீய்ச்சுகிறார்கள். பொன்னால் நண்டும் இறாலும் வாளைமீனும் செய்து கொண்டுவந்து ஆற்றுக்குள் விட்டு, விளைச்சல் பெருக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார்கள். ஒரு பாடலில் மனைவி தொலைத்த நகை கணவனின் பரத்தை உடம்பில் இருப்பது அந்தக் கூட்டத்தில் வெட்டவெளிச்சமாகிறது. கள்ளும் வாசனைப் பண்டங்களும் கலந்து ஓடுவதைப் பார்த்துவிட்டு, இந்தத் தண்ணீரில் குளிக்க முடியாது என்று பிராமணர்கள் ஒதுங்கிப் போகிறார்கள். நாவலாசிரியன் ஒருவனுக்கு இதைவிட நல்ல அத்தியாயம் கிடைக்காது.

ஆகவே நீர்மாடம் ஓடியது வெள்ளத்தின் மேல்தான். அணை கட்டித் தேக்கிவைத்த தண்ணீரின் மேல் அல்ல. வருஷத்தில் அந்த நாட்கள் எத்தனையோ, அத்தனை நாள் உல்லாசம். வெள்ளம் வடிந்தால் மணல். அதனால்தான் வந்த தண்ணீரைக் கண்டு ஜனங்களுக்கு அவ்வளவு தலைகால் தெரியாத சந்தோஷம் என்று நினைக்கிறேன்.

மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில் கீழடியில் 2015-ஆம் ஆண்டு முதல் தோண்டிப் பார்த்தார்கள். தென்னந்தோப்புக்கடியில் செங்கல் கட்டடம், உறைகிணறு, எழுத்துப் பொறித்த ஓடு, தக்களி எல்லாம் வந்தன. கூடவே தந்தத்தால் செய்த பகடையும், ஏராளமான ஆட்டக்காய்களும் வந்தன. அரண்மனையைத் தேடிப் போனவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பகடையைப் பற்றிப் படித்தபோதுதான் பரிபாடல் மேல் முழு நம்பிக்கை வந்தது. உட்கார்ந்து பகடை உருட்டப் பொழுதும் வசதியும் இருந்த ஜனங்கள், வெள்ளம் வந்தால் படகேறாமல் வீட்டிலா இருந்திருப்பார்கள்? ஆற்றின் மறுகோடியில், கடல் முகத்தில், அழகன்குளத்தில் கிடைத்த ஒரு பானை ஓட்டில் பாய்மரக் கப்பலையே கீறி வைத்திருக்கிறார்கள். வையைக் கரையில் வாழ்ந்தவர்களுக்குக் கலம் என்பது கதையில் கேட்ட பொருள் அல்ல.

இப்போது அதே சிலப்பதிகாரத்தில், கோவலன் ஊர் பார்க்கப் போவதற்கு முந்திய காதையைப் புரட்டுவோம். புறஞ்சேரி இறுத்த காதை என்று அதற்குப் பெயர்.

கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் இரவெல்லாம் நிலவில் நடந்து வையையின் வடகரைக்கு வந்து சேர்கிறார்கள். ஆற்றின் மேல் நீரே தெரியவில்லை; அவ்வளவு பூ மிதக்கிறது. இந்தப் பெண்ணுக்கு நேரப்போவது வையைக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டதாம். கண்ணில் நிறைந்த நீரை மறைத்துக்கொள்ளப் பூவாடையைப் போர்த்துக்கொண்டாளாம். வந்தவர்களுக்கு அது தெரியுமா? என்ன அழகான ஆறு என்று கும்பிடுகிறார்கள்.

அந்த இடத்தில் ஒரு பெரிய துறை இருக்கிறது. குதிரை முகம் வைத்த அம்பி, யானை முகம் வைத்த அம்பி, சிங்க முகம் வைத்த அம்பி எல்லாம் அங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன. பார்க்கவே கண் கொள்ளாத காட்சியாக இருந்திருக்கும். ஆனால் நம் மூவரும் அந்தத் துறைக்குப் போகவில்லை. அதை விட்டு விலகி, வேறோர் இடத்தில் மரப்புணை ஒன்றில் ஏறித் தென்கரைப் பூஞ்சோலையில் இறங்குகிறார்கள்.

ஏன் போகவில்லை என்று இளங்கோவடிகள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கையில் ஒரு ஜதைச் சிலம்பைத் தவிர வேறு சொத்தில்லாமல், ஊருக்குப் பயந்து, இருட்டோடு இருட்டாகப் புறப்பட்டு வந்தவர்கள் சிங்க முகப் படகில் ஏறி வருவார்களா? நாலு மரத்தைச் சேர்த்துக் கட்டின புணை போதும். அதில் ஏறினாலும் அதே ஆறுதான்; அதே தென்கரைதான்.

இதில் மனத்தைக் குத்துவது வேறொன்று. கோவலன் இப்படிப்பட்ட உல்லாசங்களுக்குப் புதியவன் அல்ல. புகாரில் இந்திர விழா முடிந்து, அவன் கோவேறு கழுதையிலும் மாதவி வண்டியிலும் ஏறிக் கடற்கரைக்குப் போனார்களே, அதுவும் இப்படி ஒரு நீராட்டு நாள்தான். அந்த நாளில் பாடிய பாட்டில்தான் இருவரும் பிரிந்தார்கள். அப்படிப் பிரிந்து, வீடு திரும்பி, மனைவியோடு மதுரைக்கு வந்தவன், மறுநாள் நகரத்து வீதியில் தனியாக நடக்கும்போது, செல்வர்களின் படகு நாளைப் பற்றி நமக்குச் சொல்லப்படுகிறது. ஊர்காண் காதையின் அந்த வருணனையைப் பள்ளிக்கூடத்தில் அழகுக்காகப் படிப்பார்கள். எனக்கோ அது ஒரு மனிதன் இழந்ததன் ஜாபிதாவாகவே தோன்றுகிறது. சீக்கிரமே அவன் சிலம்பை விற்கப் போகப்போகிறான்.

வையையில் மிதந்த கலங்களைப் பற்றிப் பேசும்போது ஒரு சிறிய ஏட்டை விட்டுவிடக் கூடாது. திருஞானசம்பந்தர் சமணரோடு வாதிட்டபோது ஆற்றில் விட்ட ஏடு, நீரோட்டத்தை எதிர்த்து மேற்கே போய்ச் சோழவந்தானுக்குப் பக்கத்தில் திருவேடகத்தில் நின்றது என்பது ஐதிகம். ஊரின் பெயரிலேயே ஏடு இருக்கிறது. புட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலும் இந்த வெள்ளத்தைப் பற்றியதுதான். சிம்மக்கல்லுக்கு மேற்கே புட்டுத்தோப்பில் ஆவணி மாதந்தோறும் உற்சவம் நடக்கிறது. கவனித்தீர்களா? பிற்காலத்துக் கதைகளில் படகு இல்லை. கரை உடைகிறது, மண் கொட்டுகிறார்கள். ஆற்றோடு விளையாடின காலம் போய், ஆற்றிடம் பயந்த காலம் வந்துவிட்டது போலிருக்கிறது.

பயந்த ஜனங்கள் ஆற்றை அடக்கிவிட்டார்கள். வருஷநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் ஓடுகிற வையையின் இரு பக்கமும் கால் வெட்டிக் கால் வெட்டி, ஆயிரக்கணக்கான கண்மாய்களுக்குத் தண்ணீரைத் திருப்பினார்கள். கடைசியில் மிஞ்சுவது ராமநாதபுரத்துப் பெரிய கண்மாயில் போய் விழும். கடலுக்குப் போகிறது அபூர்வம். பாற்கடல் சிவபெருமானுக்கு நஞ்சைக் கொடுத்ததனால் கடலுக்குத் தண்ணீர் தருவதில்லை என்று வையை வைராக்கியம் கொண்டிருக்கிறாளாம். ஒரு பழைய தனிப்பாடலின் கற்பனை இது. புலவர் கண்மாயைப் பார்க்காமல் கடலைப் பார்த்துவிட்டார். உண்மையில் வழியிலிருந்த உழவன் ஒரு சொட்டும் விடவில்லை. அவனைக் குறை சொல்லவும் முடியாது.

ஆற்றில் படகு விட முடியாத காலத்தில், 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் ஒரு காரியம் செய்தார். ஊருக்குக் கிழக்கே வண்டியூரில் 1645-ல் ஒரு தெப்பக்குளம் கட்டினார். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் வெட்டிய பள்ளம் அது என்றும், வெட்டும்போது கிடைத்த பெரிய பிள்ளையாரைத்தான் மீனாட்சியம்மன் கோயிலில் முக்குறுணிப் பிள்ளையாராக வைத்தார்கள் என்றும் சொல்வார்கள். சுமார் பதினாறு ஏக்கர். நடுவில் சோலையோடு மைய மண்டபம். வைகையிலிருந்து வாய்க்கால் வழியே தண்ணீர். நாயக்கர் பிறந்த நட்சத்திரமான தைப்பூசத்தில், மீனாட்சியும் சுந்தரேசுவரரும் பவனி வந்து இந்தக் குளத்தில் தெப்பமேறி, மைய மண்டபத்தைச் சுற்றி வருகிறார்கள். துடுப்பு இல்லை, பாய் இல்லை. கரையில் நிற்கிற ஜனங்கள் வடம் பிடித்துத் தேரை இழுப்பது போலத் தெப்பத்தை இழுக்கிறார்கள். இரவில் விளக்குகளோடு அது நகரும்போது பார்த்திருக்கிறேன். சத்தமே இல்லாமல் ஒரு கோபுரம் தண்ணீரில் நடந்துபோகிற மாதிரி இருக்கும்.

சங்க காலத்துச் செல்வர்கள் அனுபவித்த நீர்மாடத்தை நாயக்கர் அம்மனுக்குக் கொடுத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. முன்பு ஒருவன் படகேறினால் ஊர் வேடிக்கை பார்த்தது. இங்கே படகேறுகிறவள் ஊருக்கெல்லாம் பொதுவானவள். இழுக்கிற கையும் ஊராருடையது. ஆனால் இந்தக் குளத்துக்கும் வைகையின் தலையெழுத்துத்தான். பல ஆண்டுகள் வறண்டு கிடந்து, தெப்பம் தரையில் நின்றபடியே நிலைத் தெப்பமாக உற்சவம் நடந்தது. மற்ற நாட்களில் பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடினார்கள். அண்மை ஆண்டுகளில்தான் வாய்க்காலைச் சரிசெய்து மறுபடியும் தண்ணீர் நிரப்பினார்கள்.

சரி, தெப்பம் அம்மனுக்கு. சாதாரண மதுரைக்காரருக்குப் படகில் ஒரு பகலைக் கழிக்க ஆசை வந்தால் என்ன செய்வார்? பஸ் ஏறித் தேக்கடிக்குப் போவார். நானும் அப்படித்தான் போனேன்.

தேக்கடி ஏரி எப்படி உண்டாயிற்று என்பதைச் சொல்லாமல் அந்தப் படகில் ஏற முடியாது. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் மதுரைச் சீமை பட்ட பாடு, மேற்கே வீணாக ஓடி அரபிக் கடலில் விழுந்த பெரியாற்றைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்ற பழைய யோசனைக்கு உயிர் கொடுத்தது. 1886-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 வருஷக் குத்தகை எழுதினார்கள். பென்னிகுயிக் துரை காட்டுக்குள் வெள்ளத்தோடும் மலேரியாவோடும் போராடி 1895-ல் அணையை முடித்தார். அணைக்குப் பின்னால் பள்ளத்தாக்கில் தண்ணீர் பரவி நின்றதுதான் ஏரி. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே அந்தத் தண்ணீர் இந்தப் பக்கம் இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கை நனைத்து, முல்லையாறாக ஓடி வைகையில் கலக்கிறது.

பின்னாளில் திருவிதாங்கூர் மன்னர்கள் ஏரியின் உள்ளே எடப்பாளையத்தில் ஒரு கோடை மாளிகை கட்டிக்கொண்டார்கள். படகில்தான் போக வேண்டும். சொந்தப் படகு, சொந்தக் காடு, சொந்தப் பகல். ஊர்காண் காதையை மலைமேல் கொண்டுபோய் வைத்த மாதிரி. இப்போது அது ஹோட்டலாகிவிட்டது.

நாங்கள் ஏறியது சீட்டு வாங்கிக்கொண்டு ஏறுகிற பெரிய படகு. காலை வேளை, மூடுபனி இன்னும் தண்ணீரை விட்டு எழுந்திருக்கவில்லை. தேக்கடிக்குப் போகிறவர்கள் எல்லாரும் யானையைத் தேடுவார்கள். நான் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அணை கட்டியபோது தண்ணீரில் மூழ்கிய காட்டு மரங்களின் அடிமரங்கள் இன்னும் ஏரிக்குள் நிற்கின்றன. இலை இல்லை, பட்டை இல்லை. கறுத்து, வெளிறி, நுனியில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அவை விழவில்லை. படகு அவற்றின் நடுவே வளைந்து வளைந்து போயிற்று. போய்ச் சேர வேண்டிய ஊர் எதுவும் இல்லாமல் தண்ணீரில் போவது எவ்வளவு பெரிய சுகம் என்று அப்போதுதான் எனக்கு அனுபவத்தில் தெரிந்தது. பாண்டி நாட்டுச் செல்வர்களை அதுவரையில் மனத்துக்குள் கொஞ்சம் திட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் காலை வேளையில் திட்ட மனம் வரவில்லை.

ஆனால் இந்தத் தண்ணீர் மதுரைப் படித்துறைக்கு வருகிறதா என்றால், அதுதான் விஷயம். வைகையோடு கலந்து வருகிற பெரியாற்றுத் தண்ணீரை, மதுரைக்கு மேற்கே பேரணையில் மறித்துப் பெரியாறு பிரதானக் கால்வாயில் திருப்பிவிடுகிறார்கள். கால்வாய் நகரத்தை வடக்கே ஒதுக்கிவிட்டு மேலூர்ப் பக்கம் போகிறது. வானம் பார்த்த பூமியாக இருந்த மேலூர்ச் சீமை நெல் விளையும் சீமையானது அதனால்தான். 1959-ல் ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகை அணையும் வந்தது. வெள்ளம் என்று எது வந்தாலும் முதலில் அங்கே தங்கித்தான் கீழே இறங்க வேண்டும். அணை நிரம்பி வழிந்தாலோ, 1993-ல் வந்த மாதிரி பெருமழை பிடித்துக்கொண்டாலோதான் நகரத்துப் பாலங்களுக்கு அடியில் ஆறு கர்ஜிக்கும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதற்குக்கூட அணையைத் திறந்து தண்ணீர் அனுப்புகிறார்கள்.

திருமலைராயர் படித்துறை, பேச்சியம்மன் படித்துறை, ஓபுளா படித்துறை என்று ஊருக்குள் பெயர்கள் இன்னும் இருக்கின்றன. பஸ் கண்டக்டரும் ஆட்டோக்காரரும் அந்தப் பெயர்களைச் சொல்கிறார்கள். படியும் துறையும் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் இந்த ஊரின் தெருக்களை ஆற்றுக்கு ஒப்பிட்டார். அவ்வளவு அகலமாம், அவ்வளவு நீளமாம். நாம் ஆற்றைத் தெருவாக்கி அவருக்குப் பதில் சொல்லிவிட்டோம். மணலை அள்ளியதும், சாக்கடையைத் திருப்பி விட்டதும், கரையை நெருக்கிக் கட்டியதும் மேலூர் நெல்லுக்காகச் செய்தவை அல்ல. அவை நாமாகச் செய்துகொண்டவை. இந்த இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டு, "விவசாயத்துக்குத் தண்ணீர் போயிற்று, ஆறு செத்தது" என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். படகை நிறுத்தியது உழவனாக இருக்கலாம். ஆற்றை நாற அடித்தது அவன் இல்லை.

தேக்கடிப் படகில் எனக்கு முன்வரிசையில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. பேச்சிலிருந்தே மேலூர்ப் பக்கம் என்று தெரிந்துகொண்டேன். வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாகப் பெரியவர்; பக்கத்தில் அவர் மனைவி; நடுவில் ஏழெட்டு வயதுப் பேரன். அந்த அம்மாள் படகில் ஏறியதிலிருந்தே காட்டைப் பார்க்கவில்லை, யானையையும் தேடவில்லை. ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இம்புட்டுத் தண்ணியா!" என்றார் ஒரு தடவை, யாரிடமும் இல்லாமல்.

பேரனுக்கு யானை வராதது பெரிய குறை. சலிப்பாக, "அய்யா, இந்தத் தண்ணியெல்லாம் எங்க போகுது?" என்று கேட்டான்.

பெரியவர் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நம்ம கண்மாய்க்குத்தாண்டா போகுது. போன வருசம் நீ குதிச்சு விளையாண்டேல்ல, அது இந்தத் தண்ணிதான்."

பையன் நம்பவில்லை. தண்ணீரையும் தாத்தாவையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப படகு அங்கிட்டே போகுமா?" என்றான்.

"படகு போகாது. தண்ணி போகும்" என்றார் அவர். அதற்குள் கரையில் மிளா ஒன்று தண்ணீர் குடிக்க இறங்கிவிட்டது என்று யாரோ கூவ, படகு முழுவதும் எழுந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. படகோட்டி எல்லாரையும் உட்காரச் சொல்லிச் சத்தம் போட்டார்.